ஒயினைப் பெயர்களில் அல்ல, நாக்கில் தொடங்குவோம்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஒயின் என்றால் என்ன, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று புதியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. தமிழில் இந்தப் பொருளைப் பற்றி எழுதத் துணிந்ததற்காக முதலில் பாராட்டுகிறேன். ஆனால் கட்டுரையின் முக்கால் பங்கு பெயர்ப் பட்டியலாகவே போய்விட்டது. போர்டோ, பர்கண்டி, பரோலோ, ஷாம்பேன் என்று ஊர்ப்பெயர்களையும், அவற்றின் விலையையும், எந்தக் கோப்பையை எந்த விரல்களால் பிடிப்பது என்பதையும் படித்து முடித்த வாசகர், கடையில் போய் நின்றால் எந்தப் பாட்டிலை எடுப்பது என்று முன்பிருந்ததைவிடக் கூடுதலாகக் குழம்புவார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தொடங்க வேண்டிய இடம் வேறு என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சுருளிப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரும் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் பிழைக்கிறது. மலையேறினால் குமுளி, அங்கிருந்து கேரளம். என் உறவும் நட்பும் பாதி அந்தப் பக்கம். குடிப்பழக்கம் உள்ளவன் அல்லன் நான். ஆண்டுக்கு நான்கைந்து பாட்டில் ஒயினை நண்பர்களோடு பகிர்ந்து அருந்துவதும், அதன் வேதியியலைப் பற்றிப் படிப்பதும் ஓய்வுக்குப் பிறகு பிடித்துக்கொண்ட ஆர்வம்.

நம் ஊரில் ஒயின் என்ற சொல்லே ஒரு குழப்பம். எங்கள் இளமையில் பிராந்தியும் விஸ்கியும் விற்ற கடைக்கு ‘ஒயின் ஷாப்’ என்று பெயர். அங்கே கிடைக்காத ஒரே பொருள் ஒயின்தான். மலைக்கு அந்தப் பக்கமோ ஒயின் என்றால் கிறிஸ்துமஸ். என் நண்பர் ஒருவரின் பாட்டியாரை நாங்களும் அம்மச்சி என்றுதான் அழைப்போம். ஒரு டிசம்பரில் அவர் சிறிய கண்ணாடித் தம்ளரை நீட்டி, “மாஷே, முந்திரி வைன் குடிச்சு நோக்கு” என்றார். முந்திரிப் பருப்பில் எப்படி ஒயின் காய்ச்சுவார்கள் என்று விழித்தேன். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை என்பதும், நம் பழைய தமிழிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயர் உண்டு என்பதும் பிறகுதான் உறைத்தது. பெரிய பீங்கான் பரணியில் திராட்சையும், ஏறக்குறைய அதே எடைக்குச் சர்க்கரையும், கிராம்பும் பட்டையும், ஒரு பிடி கோதுமையும் சேர்த்து, நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, மூன்று வாரம் கழித்து வடித்தது அது. தேன்போலத் தித்தித்தது. நம்மில் பெரும்பாலோருக்கு ஒயின் என்றதும் நாக்கு எதிர்பார்ப்பது அந்தத் தித்திப்பைத்தான்.

புதியவர்கள் முதல் பாட்டிலிலேயே ஏமாந்துபோவதற்குக் காரணம் இந்த எதிர்பார்ப்பு. சில ஆண்டுகளுக்கு முன் கொச்சிக்குப் போன இடத்தில், விற்பனையாளர் மிக உயர்வாகச் சொன்னார் என்பதற்காக நல்ல விலை கொடுத்து ஒரு சிவப்பு ஒயின் வாங்கி வந்தேன். என் மைத்துனர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, “என்ன மச்சான், காசு குடுத்துக் காடி வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றார். அந்த ஒயினில் எந்தப் பழுதும் இல்லை. அது தித்திப்பற்ற ஒயின். தித்திப்பை எதிர்பார்த்த வாயில் புளிப்பும் துவர்ப்பும் மட்டும் வந்து விழுந்தால் யாருமே அப்படித்தான் சொல்வார்கள்.

தித்திப்பு எங்கே போயிற்று என்பதற்கு விடை மிக எளிது. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை செலவானால் ஒரு சதவீதம் ஆல்கஹால் உண்டாகும். ஆகவே 12 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேலான சர்க்கரை வேண்டும். அத்தனையையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டால் எஞ்சுவது தித்திப்பற்ற ஒயின். நடுவில் நிறுத்திவிட்டாலோ, அம்மச்சி செய்ததுபோல் ஈஸ்டால் தின்று முடிக்க இயலாத அளவுக்குச் சர்க்கரையைக் கொட்டிவிட்டாலோ, மீதி தித்திப்பாக நிற்கும். கடையில் பாட்டிலை எடுக்கும்போது ‘ட்ரை’ என்று எழுதியிருந்தால் முதல் வகை. ‘செமி ஸ்வீட்’ என்றோ, காலந்தாழ்த்திய அறுவடை என்னும் பொருளில் ‘லேட் ஹார்வெஸ்ட்’ என்றோ இருந்தால் இரண்டாம் வகை. புதியவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது ஒன்றுதான். எந்த நாட்டுச் சரக்கு என்பதை அடுத்த ஆண்டு கேட்டுக்கொள்ளலாம்.

தங்கள் கட்டுரையாளர் ஒயினைச் சுவைப்பதற்கு அயல்மொழிச் சொற்களைக் கற்க வேண்டும் என்பதுபோல எழுதியிருந்தார். அதில்தான் எனக்குப் பெரிய மாறுபாடு. அறுசுவை என்று எண்ணி வைத்துக்கொண்டு, அதில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கும் மொழி நம்முடையது. சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படையான டானின் என்னும் பொருள் தருவது துவர்ப்பன்றி வேறில்லை. கடுக்காய், பாக்கு, வாழைப்பூ, மாதுளைத் தோல், பச்சை வாழைக்காய் ஆகியவற்றை அறிந்த நாக்குக்கு அதை யாரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. புளிப்பும் அப்படியே. திராட்சையிலுள்ள முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்களில் அது பெயரளவுக்கே இருக்க, நம் புளியின் புளிப்புக்குக் காரணமும் அதுவே. வத்தக்குழம்பின் புளிப்பையும் ரசத்தின் புளிப்பையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இரண்டு வெள்ளை ஒயின்களின் புளிப்பைப் பிரித்துச் சொல்வது ஒரு பாடு இல்லை. சில பாட்டில்களின் அடியில் கண்ணாடித் தூள்போலப் படிகங்கள் கிடப்பதும் இந்த அமிலத்தின் உப்புதான். கெடுதல் இல்லை, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

துவர்ப்பை அறிவதற்கு நான் நண்பர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அதற்கு ஒயின் வேண்டியதில்லை. வண்டிப்பெரியாறு தேயிலை நம் வீடுகளில் எப்போதும் இருக்கிறது. பால் சேர்க்காத கட்டஞ்சாயாவை, சர்க்கரையும் இல்லாமல், ஒரு தம்ளரில் இரண்டு நிமிடமும் இன்னொன்றில் பத்து நிமிடமும் ஊறவிட்டு வடியுங்கள். இரண்டையும் ஆறவைத்து ஒவ்வொரு வாயாகக் குடியுங்கள். இரண்டாவதைக் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வறண்டு, நாக்கில் மெல்லிய சொரசொரப்புத் துணி போர்த்தியதுபோல இருக்கும். உமிழ்நீரிலுள்ள புரதத்தை டானின் பற்றிக்கொள்வதால் வரும் வறட்சி அது. இப்போது அந்த இரண்டாவது தம்ளரில் சிறிது பால் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு அடங்கிவிடும், டானின் உங்கள் உமிழ்நீரை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொண்டது. சிவப்பு ஒயினுக்கு ஆட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் பொருந்தும் என்று சொல்வதன் அடிப்படையும் இதற்கு நெருங்கியதுதான். புளிப்புக்கும் துவர்ப்புக்கும் வேறுபாடு காணத் தடுமாறுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: புளிப்பு எச்சில் ஊறவைக்கும், துவர்ப்பு எச்சிலை வற்றவைக்கும்.

இந்தத் துவர்ப்பும் சிவப்பு நிறமும் எங்கிருந்து வருகின்றன என்பதை எங்கள் பந்தலடியில் நின்றே பார்த்துவிடலாம். நன்கு கறுத்த பன்னீர் திராட்சை ஒன்றை இரு விரல்களுக்கிடையே பிதுக்கினால், கறுநீலத் தோல் கையில் நிற்க, நிறமே இல்லாத சதை வழுக்கி வெளியே வந்து விழும். ஏறக்குறைய எல்லாத் திராட்சைக்கும் சாறு நிறமற்றதே. தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க வைத்தால் சிவப்பு ஒயின். பிழிந்தவுடன் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை. சில மணி நேரம் மட்டும் தோலோடு ஊறவிட்டு எடுத்தால் இளஞ்சிவப்பு. வெளிர் நிறமான ஷாம்பேனில் ஒரு பகுதி கறுப்புத் திராட்சையிலிருந்து வருகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. தோலைப் பிதுக்கிப் பார்த்த எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் வியப்பில்லை.

இனி மணம். ஒயின் எழுத்தாளர்கள் ரோஜா மணக்கிறது, மிளகு மணக்கிறது, குடைமிளகாய் மணக்கிறது என்றெல்லாம் எழுதுவதைப் படித்து இது வெறும் பம்மாத்து என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வேதியியல் தெரிந்தும் அப்படி நினைத்தது என் தவறு. எங்கள் திராட்சைக்குப் பன்னீர் என்று பெயர் வந்ததே அதன் மணத்தால்தான். இதற்கு வெளியுலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் லினலூல், ஜெரானியால் என்னும் மணப்பொருள்கள் மிகுதி. ரோஜாவின் மணத்திலும் ஜெரானியாலுக்குப் பங்கு உண்டு. பெயர் வைத்த எங்கள் முன்னோர் ஆய்வகம் பார்த்ததில்லை. மூக்கு சரியாகச் சொல்லியிருக்கிறது. 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அந்தப் பெயருக்குள் இருக்கும் வேதியியலை யாரும் பேசவில்லை.

மிளகின் கதை இதைவிடச் சுவையானது. சிராஸ் என்னும் சிவப்புத் திராட்சையின் ஒயினில் பலர் மிளகு மணத்தை உணர்ந்து வந்தார்கள். காரணம் தெரியாமலே இருந்தது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் அதற்குக் காரணமான பொருள் ரோட்டண்டோன் என்று கண்டுபிடித்தார்கள். கறுமிளகின் மணத்திலும் இருப்பது அதே பொருள்தான். குமுளிச் சந்தையில் மிளகு மூட்டை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறுவதும், தரமான சிராஸ் ஒயினின் கோப்பையிலிருந்து மெல்லிதாக எழுவதும் ஒன்று. ஐந்தில் ஒருவருக்கு இந்த மணத்தை உணரும் திறனே இல்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் மிளகு மணக்கிறது என்று சொல்லி, உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையானால் தாழ்வாக எண்ண வேண்டாம். அதுபோலவே சோவிக்னான் பிளாங்க் என்னும் வெள்ளைத் திராட்சை, கேபர்னே சோவிக்னான் என்னும் சிவப்புத் திராட்சை ஆகிய இரண்டிலும் பைரசீன் வகைப் பொருள்கள் உண்டு. குடைமிளகாயை நறுக்கும்போது எழும் பச்சை மணம் அதுவே.

போடியிலும் புத்தடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தட்டில் வந்து சேரும் மாதிரியைக் கையில் அள்ளி, நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றை நசுக்கி மூக்கருகே கொண்டுபோய், ஒரு நொடியில் விலையை முடிவு செய்யும் வியாபாரிகள் எத்தனை பேர்! அவர்கள் யாரும் பாடநூல் படித்துக் கற்றவர்கள் அல்லர். ஒன்றையும் இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து ஆயிரம் முறை முகர்ந்தவர்கள். ஒயினும் அப்படித்தான். ஒரு பாட்டிலைத் தனியாகக் குடித்தால் ஒன்றும் தெரியாது. இரண்டைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பேசத் தொடங்கும். நான்கு நண்பர்கள் சேர்ந்து, ஆளுக்குச் சிறிது பணம் போட்டு, இரண்டு பாட்டில் வாங்கி, செய்தித்தாளால் சுற்றி மறைத்து, எது எது என்று தெரியாமல் முகர்ந்து சுவைத்து, தோன்றியதைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதி வைப்பது நான் அறிந்த மிகச் சிறந்த பாடத்திட்டம். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், சற்றே சுழற்றி, முகர்ந்து, பிறகு வாயில் வைத்துச் சில நொடி உருட்டினால் போதும். மற்ற சடங்குகளை விட்டுவிடலாம்.

பாட்டிலை மறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரான்சின் போர்டோவில், ஒயின் கல்வி பயிலும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்ததையும் கொடுத்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, சாயம் கலந்ததை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மூக்கையே கண் ஏமாற்றிவிட்டது. விலைச்சீட்டும் அதேபோல் ஏமாற்றும்.

எந்த இரண்டு பாட்டில் என்று கேட்டால், முதலில் வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. இரண்டும் நம் நாட்டுச் சரக்காகவே இருக்கட்டும். மகாராஷ்டிரத்தின் நாசிக்கிலும், பெங்களூரை ஒட்டிய நந்தி மலைப் பகுதியிலும் கடந்த 30 ஆண்டுகளில் ஒயின் தொழில் வேரூன்றிவிட்டது. இறக்குமதிச் சரக்கின் விலையில் பெரும்பங்கு ஒயினுக்கன்று, சுங்கத்துக்கும் வரிக்கும். வெள்ளையில் செனின் பிளாங்க், இலேசான தித்திப்பு இருந்தால் இன்னும் நல்லது. நம் காரச் சாப்பாட்டோடு சண்டை போடாது. சிவப்பில் சிராஸ். அடுத்த முறை சோவிக்னான் பிளாங்கும் கேபர்னே சோவிக்னானும். இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடிந்த பிறகு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போகலாம். அங்கே ஒரு சங்கடம் உண்டு: ஐரோப்பாவின் மரபான ஒயின் பாட்டில்களில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, ஊரின் பெயரே இருக்கும். ஷாப்ளி என்றால் ஷார்டனே திராட்சை, சிவப்புப் பர்கண்டி என்றால் பினோ நுவார், கியாந்தி என்றால் முதன்மையாக சாஞ்சியோவேசே என்பது அவ்வூராருக்குச் சொல்லாமலே தெரியும். மணப்பாறை என்றால் முறுக்கு என்று நாம் எழுதியா வைக்கிறோம்?

லேபிளில் உள்ள ஆண்டு அறுவடை ஆண்டு. குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் உறங்கி, ஆண்டுக்கு ஒரே முறை காய்ப்பதால், அந்த ஆண்டின் மழையும் வெயிலும் ஒயினில் பதிவாகிவிடும். எங்கள் ஊரில் கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்து ஏறத்தாழ 120 நாளில் பழம் வெட்டி, மறுபடி கவாத்து என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். நாசிக்கில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஒருமுறை மட்டும், பெரும்பாலும் சனவரி முதல் மார்ச் வரை, அறுவடை செய்கிறார்கள். “இவ்வளவு திராட்சை விளைகிறதே, உங்கள் பன்னீரில் உலகத்தரமான சிவப்பு ஒயின் செய்ய முடியாதா?” என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மணத்துக்குக் குறைவில்லை, ஆனால் இது தின்பதற்கான பழம். தின்னும் திராட்சையில் சாறும் பருமனும் முக்கியம். ஒயின் திராட்சையோ சிறியதாய், தோல் கனத்து, சர்க்கரை மிகுந்து இருக்க வேண்டும். பன்னீரில் மணமுள்ள எளிய தித்திப்பு ஒயின் வரும். சிராஸின் ஆழத்தை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. சொந்த ஊர்ப் பாசத்துக்காக இதை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டுரையில் ஒரு பிழை. அது வாசகர்களுக்குப் பணச்சேதம் விளைவிக்கும் என்பதால் குறிப்பாகச் சுட்டுகிறேன். சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எழுதியிருந்தார். அது ஐரோப்பியக் கல்வீட்டு அறையை மனத்தில் வைத்துச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி என்பது அதன் பொருள். சித்திரை மாதத்தில் கம்பத்து அறை எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினின் ஆல்கஹால் நெடி மட்டுமே மேலே நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும். வெள்ளைக்கு இரண்டு மூன்று மணி நேரம்.

நாள்பட நாள்பட ஒயின் மெருகேறும் என்ற எண்ணமும் அப்படியே. பெரும்பாலான ஒயின்கள் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டியவை. நெடுங்காலம் வைத்துப் பழுக்கவிடத் தக்கவை மிகச் சில, அவற்றுக்கும் ஒளிபடாத, ஒரே சீரான குளிர்ச்சி வேண்டும். இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். பரிசாக வந்த ஒரு வெள்ளை ஒயினை, மகளின் திருமணத்தன்று திறக்கலாம் என்று பரணில் துணி சுற்றி வைத்தேன், மேலே ஓட்டுக்கூரை. ஆறு கோடை கழிந்து திறந்தபோது, வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்திருக்க வேண்டியது தேநீர் நிறத்தில் இருந்தது. நறுக்கி வைத்துக் கறுத்துப்போன ஆப்பிளின் வாடை. மைத்துனர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை மட்டும் பார்த்தார். திறந்த பாட்டிலை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மூன்று நான்கு நாளுக்கு மேல் தாங்காது. ஈரமான அட்டைப்பெட்டி நெடி வந்தால் தக்கை கெட்டது என்று பொருள். அது கடைக்காரரிடம் சொல்லத் தகுந்த குறை.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியராக இருந்தவனுக்கு அழகன்று. ஒயின் மென்மையான பானம், உடம்புக்கு நல்லது என்று நம் ஊரில் பரவலாக ஒரு பேச்சு. தங்கள் கட்டுரையிலும் இதயத்துக்கு நல்லது என்று ஒரு வரி இருந்தது. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் மது பல ஆண்டுகளாக இருக்கிறது. கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 750 மில்லி ஒயின் பாட்டிலில் 13 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் தூய எத்தனால் ஏறத்தாழ 97 மில்லி. கடையில் விற்கும் 42.8 சதவீத பிராந்தியின் ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், இருப்பது 77 மில்லி. ஒரு முழுப் பாட்டில் ஒயினைத் தனியாளாகக் குடித்துவிட்டு, “நான் பிராந்தி தொடுவதில்லை” என்று சொல்பவர் ஒரு குவார்ட்டருக்கும் மேலாகக் குடித்திருக்கிறார். ஐந்து பேருக்கு ஐந்து கோப்பை என்பதே அந்தப் பாட்டிலின் அளவு. குடித்துவிட்டுக் குமுளிக் கணவாயில் வண்டி இறக்குவது பற்றி நான் எழுதவே வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். மது வாங்கத் தமிழகத்தில் 21 வயதும் கேரளத்தில் 23 வயதும் நிறைந்திருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டில் நொதிக்க வைப்பது மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குற்றமே. அதனால்தான் அம்மச்சியின் பரணியைச் சொன்னேனே தவிர, செய்முறையாக எழுதவில்லை. சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாட்டில் கொண்டுவருவதற்கும் விதிகள் உண்டு. தெரிந்துகொண்டு போவது நல்லது. தமிழகத்தில் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் நான் மேலே சொன்ன வகைகள் ஓரளவு கிடைக்கின்றன.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியான வண்ணப் படத்தின் அடியில் ‘கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டம்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தப் படத்தில் கொடிகள் வேலிபோல வரிசை வரிசையாக இடுப்பளவு உயரத்தில் நிற்கின்றன. எங்கள் பகுதியில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தலாகத்தான் கொடியை ஏற்றுவோம். கொத்துகள் மேலிருந்து தொங்கும், நாங்கள் நிழலில் நின்று அண்ணாந்து பார்த்து வெட்டுவோம். படம் வேறு ஏதோ நாட்டைச் சேர்ந்தது. தங்கள் புகைப்படக்காரர் வர விரும்பினால், என் தோட்டத்தில் இம்மாதக் கடைசியில் பழம் வெட்டு. காலை ஆறு மணிக்குள் வந்துவிட்டால் பனி ஈரத்தோடு படம் எடுக்கலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திராட்சை விவசாயி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.